ஐஸ் மீன் தின்னக் கடற்கரைக்குப் போனேன்

கீழக்கரைக்குப் போய்விட்டு வந்து நான்கு நாளாகிறது. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அங்கே தின்ற மசாலாவின் எரிச்சல் இரண்டாம் நாளே தணிந்துவிட்டது. நான் சொல்வது மற்றதை. மதுரையில் வண்டி ஏறி, பரமக்குடியும் இராமநாதபுரமும் கடந்து, மே மாத வெயிலில் மூன்று மணி நேரம் வெந்தபடி, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நான் அங்கே போனது மீன் சாப்பிடுவதற்காக, மீனுக்காக மட்டுமே. மதுரையில் கிடைக்காத மீனா என்று கேட்ட மைத்துனரிடம், மன்னார் வளைகுடாவின் கரையில் உட்கார்ந்து தின்பதும் நெல்பேட்டையில் வாங்கி வந்து தின்பதும் ஒன்றாகுமா என்று பெரிய பேச்சுப் பேசிவிட்டுக் கிளம்பியவன் நான். இப்போது அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

நாங்கள் நுழைந்த ஓட்டலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வாசலில் சிங்கி இறாலும் நண்டும் ஆள் உயரத்துக்கு வரையப்பட்டிருந்தன. உள்ளே கொடுத்த அட்டையின் முதல் பக்கத்தில் கோபி மஞ்சூரியன். இரண்டாம் பக்கத்தில் பன்னீர். மூன்றாம் பக்கம் முழுக்க ஃப்ரைடு ரைஸ் வகைகள். கடைசிப் பக்கத்தில்தான் மீன் இருந்தது: வஞ்சரம் வறுவல், வஞ்சரம் தவா, வஞ்சரம் குழம்பு. விலை இருக்க வேண்டிய இடத்தில், மூன்றுக்கும் சேர்த்தாற்போல, 'அளவுக்கேற்ப' என்று அச்சிட்டிருந்தார்கள். இதில் எனக்கு முதலில் உறைத்தது விலையன்று, பெயர். அந்தக் கரையில் அந்த மீனுக்குச் சீலா என்றுதான் பெயர். மீன்காரரிடம் போய்ச் சீலா என்றால் போதும். சொந்த ஊரின் மீனைச் சென்னைக்காரர் வாயால் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த அடுப்பு யாருக்காக எரிகிறது என்பதை நான் அப்போதே புரிந்துகொண்டு எழுந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பசி, உட்கார்ந்துவிட்டோம்.

"இன்னைக்கு என்ன மீன் இருக்கு, தம்பி?"

"வஞ்சரம் இருக்கு, சார்."

"வேற?"

"வஞ்சரம்தான் சார் நல்லாப் போகும்."

"எப்பப் பிடிச்சது?"

"காலையிலதான் சார் வந்துச்சு."

நான் பிடித்த நேரத்தைக் கேட்டேன். அவன் வந்த நேரத்தைச் சொன்னான். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை என்பது மறுநாள்தான் எனக்கு விளங்கியது. அது வந்தது கடலிலிருந்தன்று, வெளியூரிலிருந்து தெர்மாகோல் பெட்டியில்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017இலிருந்து 61 நாளாக்கினார்கள். மீன் இனம் பெருகும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இருக்கவும் கூடாது. பள்ளிக்கூட விடுமுறையும் அதே நாட்களில்தான் வருகிறது என்பதால், நம்மைப் போன்ற கூட்டம் கடற்கரை ஊர்களில் வந்து மொய்ப்பதும் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் காலத்தில்தான். ஆனால் தடை விசைப்படகுக்குத்தானே ஒழிய வள்ளத்துக்கும் வத்தைக்கும் இல்லை. நாட்டுப்படகுக்காரர்கள் அந்த 61 நாளும் தொழிலுக்குப் போகத்தான் செய்கிறார்கள். அவர்கள் வலையில் சீலா விழாது என்றும் நான் சொல்ல வரவில்லை. என் தட்டில் கிடந்தது அது அல்ல என்று மட்டும் சொல்கிறேன். ஐஸில் பல நாள் கிடந்த மீனுக்கு ஒரு தன்மை உண்டு: விரல் பட்டதும் இதழ் இதழாகப் பிரிய வேண்டியது, நனைந்த அட்டைபோல நார் நாராகக் கிழியும். அதை மறைக்க மேலே அரை விரற்கடை கனத்துக்குச் சிவப்பு மசாலா. அதற்கும் மேலே வாடிய கறிவேப்பிலை.

வஞ்சரத்தை ஓட்டல்காரர்கள் ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா என்று பார்த்துத்தானே நம் அம்மாமார்கள் மீன் வாங்கினார்கள்? துண்டு போட்ட மீனுக்குக் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை. எந்தக் கடலில் பிடித்தது, எத்தனை நாளானது, எத்தனை பெட்டி மாறியது என்பதற்கெல்லாம் சாட்சி சொல்ல வேண்டிய தலை எங்கேயோ போய்விட, வட்டத் துண்டு மட்டும் வாயில்லாமல் தட்டுக்கு வருகிறது. துண்டு ஒன்று 480 ரூபாய். நான்கு பேருக்கு 1,920. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று தமிழ்நாடே பழமொழி சொல்லும் அந்த வள்ளலின் ஊரில், செத்து எத்தனை நாளானது என்றே தெரியாத ஒரு மீனுக்கு நான் கொடுத்துவிட்டு வந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் விடியற்காலையில் தூக்கம் வராமல் கடற்கரைக்கு நடந்தேன். அங்கே போனால், ஐயா, மீன்! வத்தைகள் வந்து ஒதுங்கியிருக்கின்றன. மணலில் விரித்த தார்ப்பாயில் குவியல் குவியலாக ஓரா, முரல், காரல், விளமீன், இன்னும் உடம்பில் நிறம் ஓடி மாறிக்கொண்டிருக்கும் கணவாய். ஏலம் கூறுகிறவர் மூச்சு விடாமல் கூறுகிறார்; தலைச்சுமை வியாபாரம் செய்யும் பெண்கள் குவியலைச் சுற்றி நின்று விலையைக் கீழே இழுக்கிறார்கள். கடற்புல் மேயும் ஓராவை அன்றுதான் நான் முழுதாகப் பார்த்தேன்; அதன் முதுகு முள் குத்தினால் கை வீங்கும் என்று சொல்லி, ஒரு பாட்டி என் கையைத் தட்டிவிட்டார். முரலைக் கீறிக் காட்டச் சொன்னேன்: முள் பச்சை நிறம். கெட்டுப்போனதன்று, அதன் பிறவி நிறமே அதுதான். இத்தனையும் நான் ஐஸ் மீன் தின்ற மேசையிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

இரண்டு கிலோ ஓரா வாங்கிக்கொண்டு அதே ஓட்டலுக்குப் போய், சமையல் கூலி எவ்வளவு கேட்டாலும் தருகிறேன், இதைக் குழம்பு வைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் பையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வெளி மீன் நாங்க சமைக்கிறதில்ல, சார்" என்றார். எது வெளி மீன்? கண்ணெதிரே கிடக்கும் கடலில் பிடித்த ஓரா வெளி மீன். பெட்டியில் ஐஸ் போட்டு வண்டியில் வந்திறங்கிய வஞ்சரம் உள்ளூர் மீனா? தங்கியிருந்த விடுதியில் அடுப்பு இல்லை. மீனை அந்தப் பாட்டியிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். அந்த நஷ்டத்தில் எனக்கு வருத்தமில்லை, அவருக்காவது நல்ல மீன் கிடைத்தது.

கோபம் முழுவதையும் ஓட்டல்காரர் தலையில் கொட்டுவதும் நியாயமாகாது. என் பக்கத்து மேசையில் இருந்த குடும்பத்தலைவர், முள் இல்லாத மீனாகக் கொண்டு வா, வஞ்சரம் இருந்தால் போடு, இல்லாவிட்டால் சிக்கன் போதும் என்று அதட்டியதை என் காதால் கேட்டேன். கடலில் நூறு வகை மீன் இருக்க, வஞ்சரம், வவ்வால், இறால் என்ற மூன்று பெயரைத் தவிர நான்காவது தெரியாத கூட்டமாக நாம் ஆகிவிட்டோம். முரலை வாங்கி வைத்து, அதன் பச்சை முள்ளைப் பார்த்து அலறுகிறவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எந்த முதலாளிக்குப் பொறுமை இருக்கும்? அதற்காக விலையை மறைப்பதையும் பழைய மீனைப் புதிதுபோல வைப்பதையும் நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்த ஊரில் என்னைக் கைவிடாதது தொதல் ஒன்றுதான். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்கில் கை ஓயாமல் கிண்டுகிற இனிப்பு. இலங்கையிலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தொதோல், டோடோல் என்று இதன் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். முதல் இரண்டு கடைகளில் வெறும் சீனி தித்தித்தது. மூன்றாவது கடையில் வாங்கியது கருப்பட்டி. ஊருக்கு வருவதற்குள் பிள்ளைகள் பாதியைத் தீர்த்துவிட்டார்கள். நாள்பட இருப்பதால் அது கடைக்கு வந்துவிட்டது. மீன் ஆணம் என்று அங்கே சொல்லும் மீன் குழம்பும், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் வட்டிலப்பமும் வீட்டு அடுப்பை விட்டு இறங்கவில்லை.

இதை எல்லாம் சென்னையில் இருக்கும் கீழக்கரை நண்பரிடம் தொலைபேசியில் கொட்டித் தீர்த்தபோது, அவர் சிரித்தார். "எங்க ஊர்ச் சாப்பாட்டைக் கடையிலயா தேடுனீங்க? எங்க உம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மீன் ஆணம் வச்சிருப்பாங்களே" என்றார். அவருடைய அன்பில் சந்தேகமில்லை. ஆனால் நண்பர் வீடு இல்லாதவன் ஒரு கடற்கரை ஊரில் நல்ல மீன் தின்னவே கூடாதா? அந்த ஓட்டலில் நான் தங்கத் தட்டோ குளிர்பதன வசதியோ கேட்கவில்லை. ஒரு சிலேட்டை வாசலில் மாட்டி, இன்று காலை ஏலத்தில் எடுத்தது ஓரா, துண்டில்லை, முழு மீன், விலை இவ்வளவு என்று சாக்பீஸால் எழுதி வைக்க என்ன செலவாகும்? மீன் கிடைக்காத நாளில் மீன் இல்லை என்று எழுதட்டும். ரசமும் அப்பளமும் தின்றுவிட்டுச் சந்தோஷமாக வருவேன்.

தடை முடிந்து ஆவணியில் வரச் சொல்லியிருக்கிறார் நண்பர். மைத்துனரிடம் இன்னும் சொல்லவில்லை.