நூல் நிலையக் கல்லில் போட்ட துளை

நம் கல்லூரி நூல் நிலைய வாசல் கல்லைத் துளைத்துப் புது லோகோ பலகை மாட்டியிருக்கும் அந்தப் போட்டோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "பளிச்சுன்னு இருக்கு" என்று எங்கள் வகுப்புக் குழுவிலேயே பாராட்டு வந்த பிறகு முடியவில்லை.

புது லோகோ கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது, சின்னம் மாறட்டும். நான் படிப்பதே டிசைன்தான். என் கேள்வி ஒன்றே ஒன்று: பலகை மாட்ட அந்தக் கல்லில் ஏன் துளை போட்டீர்கள்?

வாசலுக்கு மேலே கருங்கல்லில் 'நூல் நிலையம்' என்று உளியால் வெட்டிய எழுத்து. அதில் இருப்பது யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவு சேர்ந்த, துதிக்கை வைத்த பழைய 'லை'. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்ட பிறகு பாடப்புத்தகங்களை விட்டுப் போன வடிவம். கல்லில் ஆண்டு வெட்டவில்லை. அந்த ஒரு எழுத்துதான் அதன் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தது. டிரில் அந்தத் துதிக்கையில்தான் இறங்கியிருக்கிறது.

முதலாம் ஆண்டில் அந்தக் கல்லின் மேல் பட்டர் பேப்பர் வைத்து, பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தேன். வாட்ச்மேன் அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். தாளில் பார்த்தால் இரண்டு 'ந'வும் ஒன்றுபோல் இல்லை. இரண்டாவதைக் கொஞ்சம் ஒடுக்கி, பக்கத்தில் வரும் துதிக்கைக்கு இடம் விட்டிருக்கிறார் வெட்டியவர். எழுத்துக்கு நடுவே இடைவெளி விடுவது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். பைபாஸ் ஓரம் அடிக்கல் வெட்டும் ஒரு பெரியவரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். "மொதல்ல பிரஷ்ல எழுதிக்கணும்மா, அப்புறம்தான் உளி. வளைவுல அவசரப்பட்டா சில்லு தெறிச்சிரும், கல்லுல அழிச்சு எழுத முடியாதுல்ல" என்றார். இப்போது அவரும் கம்ப்யூட்டரில் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டி மணல்தான் அடிக்கிறார். உளி வேலை கேட்டு யாரும் வருவதில்லையாம்.

"பேர் மாறினா பழசை மறைக்கத்தானே வேணும்" என்கிறார்கள். நூல் நிலையம் இன்னும் நூல் நிலையம்தானே! "லோகோ மொபைல்ல தெரியணும், எளிமையா இருக்கணும்." சரி, இருக்கட்டும். மொபைலில் தெரிவதற்கும் கல்லைத் துளைப்பதற்கும் என்ன சம்பந்தம்? பக்கத்துச் சுவர் முழுக்கக் காலியாகக் கிடக்கிறது.

பழசும் புதுசும் சேர்ந்து இருக்க முடியாதா என்ன? நம் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம், தனக்கென்று ஒரு எழுத்துருவை எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டரிடம் செய்து வாங்கியது. அவர் 1490-களில் வெனிஸில் அச்சான எழுத்தை முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2012-ல் புது லோகோ கொண்டுவந்தபோது 50,000 பேருக்கு மேல் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த டிசம்பரிலேயே அதைக் கைவிட்டார்கள். அங்கே பழைய முத்திரையை யாரும் துளைக்கக்கூட இல்லை.

உடனே "வெளிநாட்டைக் காட்டாதே" என்பீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில், தானும் அக்காவும் மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் கல்லிலே வெட்டச் சொன்னான் ராஜராஜன். அந்த எழுத்தை ஸ்லைடு போட்டு "பாருங்கள், என்ன நேர்த்தி!" என்று எங்களுக்குக் காட்டிய ஆசிரியர்கள், தங்கள் வாசலில் டிரில் ஓடியபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை. டிசைன் துறை வைத்திருக்கிறீர்கள், எங்களில் ஒருவரைக்கூடக் கூப்பிட்டுக் கேட்கவில்லையே. கட்டணம் கட்ட மட்டும்தான் நாங்களா?

"கல்லறைக்குப் பேர் வெட்டப் போறியா?" என்று ஒரு சீனியர் கமெண்ட் போட்டிருக்கிறார். போனால் என்ன? இறந்தவர் பெயரைப் பிழையில்லாமல், அழகாகக் கல்லில் வெட்டிக் கொடுப்பது உங்களுக்கு இளக்காரமாகப் போய்விட்டதா? அந்தப் பெரியவர் அதைச் செய்துதான் தன் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அவர் கைக்கு வரும் வளைவு எனக்கு இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமை பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறோம். பலகையைக் கழற்றிப் பக்கத்துச் சுவரில் மாட்ட வேண்டும், துளையை சிமென்ட் பூசி மூடாமல் கல்வேலை தெரிந்தவரை வைத்துச் சரிசெய்ய வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறோம். கையெழுத்துப் போடுகிறவர்கள் கமெண்டில் பெயரும் துறையும் சொல்லுங்கள். பழைய மாணவர்களும் போடலாம்.