மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுகிறவருக்கு என்ன கூலி?

சென்னை கொளத்தூர் பக்கம் இருக்கிறேன், மொட்டை மாடியில் ஃபைட்டர் மீன் வளர்க்கிறேன் என்று தெரிந்ததும் பலர் உள்பெட்டியில் வந்து கேட்கிறார்கள்: "வீட்டிலேயே வண்ண மீன் வளர்த்தால் பக்க வருமானம் பார்க்கலாமா?" தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் முதல் ஜோடியை வாங்கும் முன் ஒரு கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்லிவிடுங்கள். தினமும் தண்ணீர் மாற்றப் போவது யார்? அதைச் சேர்க்காமல் போடும் எந்த லாபக் கணக்கையும் நான் நம்புவதில்லை.

இந்தத் தொழிலுக்கு நம்ம ஏரியா போல வாய்ப்பான இடம் குறைவு. பொருளை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டாம். கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்கு வெளியூர் வியாபாரிகளே தேடி வருகிறார்கள். தொட்டி, வலை, தீனி, மருந்து எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும். சந்தேகம் கேட்க இரண்டு தலைமுறையாக இதே வேலை செய்கிறவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது கப்பி, இல்லையென்றால் ஃபைட்டர். கப்பி நேரடியாகக் குட்டி போடும், சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஃபைட்டர் தண்ணீர்ப் பரப்புக்கு மேலே வந்தும் காற்றை எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் கரண்ட் போய் ஏர் பம்பு நின்றால் கோல்டு ஃபிஷ் வைத்திருப்பவருக்குத் தூக்கம் வராது. ஃபைட்டர் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் தெருக்கள் தண்ணீரில் நின்றது நினைவிருக்கும்தானே, இது சின்ன விஷயமில்லை.

ஃபைட்டர் குஞ்சு பொரிப்பதைப் பார்ப்பது அவ்வளவு அழகு. ஆண் மீன் வாயால் குமிழி விட்டு விட்டு நுரைக்கூடு கட்டும். தெருவோர பாதாம் மரத்தின் காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போட்டால் அதன் அடியில் கூட்டை அமைத்துக்கொள்ளும். முட்டை போட்டதும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், அதன் பிறகு காவல் அப்பாதான். கீழே விழும் முட்டையை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி மேலே கொண்டுபோய் ஒட்டும். ஓரிரு நாளில் பொரிந்துவிடும். குஞ்சு தானாக நீந்த ஆரம்பித்ததும் அப்பாவையும் எடுத்துவிடலாம். அப்புறம் ஆர்ட்டீமியா, அதாவது பொடி இறால் மாதிரியான ஒரு உயிரியின் முட்டை. உப்புத் தண்ணீரில் காற்றுக்குழாய் விட்டு வைத்தால் ஒரு நாளில் பொரியும், அதைத்தான் குஞ்சுகளுக்குக் கொடுக்க வேண்டும்.

இதுவரை பொழுதுபோக்கு. இரண்டு மூன்று மாதம் ஆனதும் ஆண் குஞ்சுகள் ஒன்றையொன்று கடிக்க ஆரம்பிக்கும். வால் கிழிந்த மீனைக் கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனி பாட்டிலில் போட வேண்டும். ஒரே ஈற்றில் நூறு குஞ்சுக்கு மேல்கூடத் தேறும். நூறு பாட்டில் என்றால் நூறுக்கும் தீனி, நூறுக்கும் தண்ணீர் மாற்றம். மெட்ரோ தண்ணீரை அப்படியே ஊற்ற முடியாது, குளோரின் போக முந்தின நாளே பிடித்துத் திறந்து வைக்க வேண்டும். காலி பாட்டிலில் மழைத் தண்ணீர் நின்றால் கொசுப் புழு வரும், அதையும் பார்க்க வேண்டும்.

செலவு போக மாதம் 6,000 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தினம் இரண்டு மணி நேரம் வேலை செய்தால் மாதம் 60 மணி நேரம், மணிக்கு 100 ரூபாய். கௌரவமான வருமானம். ஆனால் அவர் வேலைக்குப் போன பிறகு அம்மாவோ மனைவியோ இன்னொரு 60 மணி நேரம் குனிந்து நிமிர்ந்திருந்தால் மணிக்கு 50 ரூபாய்தான். நான் பார்த்த பல வீடுகளில் இந்த இரண்டாவது 60 மணி நேரம் கணக்கிலேயே வருவதில்லை. "சும்மா வீட்டில்தானே இருக்கிறாள், தண்ணி மாத்தினா என்ன" என்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. அவருடைய இடுப்பு வலியில்தான் உங்கள் பொழுதுபோக்கு லாபமாகத் தெரிகிறது.

கரண்டைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். 5 வாட் ஏர் பம்பு இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம்தான். எடைதான் முக்கியம். 500 லிட்டர் தொட்டி நிரம்பினால் அரை டன். பழைய கட்டடம், வாடகை வீடு என்றால் ஓனரிடம் கேட்காமல் மாடியில் வைக்காதீர்கள்.

இன்னொன்று, விற்காத மீனை ஏரியில் விடாதீர்கள். டேங்க் கிளீனர் என்று விற்கிறார்களே, அந்த மீன் ஏரிக்குள் போனால் பெருகி நம் மீனவர் வலையைக் கிழிக்கும்.

கற்றுக்கொள்ள மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது, பயிற்சி எப்போது என்று கேட்டுப் பாருங்கள். 2020இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டு வண்ண மீன் வளர்ப்புக்கு 3 லட்சம் ரூபாய் செலவு என்று கணக்கிட்டு, பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம் வைத்தார்கள். இப்போதைய நிலவரத்தை மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

60 சதவீதம் என்றதும் பல வீடுகளில் மனைவி பெயரில் விண்ணப்பம் எழுதுவார்கள். சரி, எழுதுங்கள். பெயர் அவருடையது, வேலையும் பாதிக்கு மேல் அவருடையது என்றால், மீன் விற்ற பணமும் அவர் கணக்குக்கே போகட்டும். கடைக்காரரிடம் கொடுக்கும் ஜிபே நம்பர் அவருடையதாக இருக்கட்டும்.