பல் ஆஸ்பத்திரிக்கு மேலே ஒரு கல்லூரி

நான் கிளினிக்கல் சைக்காலஜி, அதாவது மனநலச் சிகிச்சை தருகிற உளவியல், படித்த இடம் கலிபோர்னியாவில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மேல்மாடி. இரண்டு தளம், ஒரு லிஃப்ட், அதுவும் பாதி நாள் ஓடாது. மைதானம், விடுதி எதுவும் கிடையாது. கீழே பல்லைக் குடைகிற சத்தம் கேட்கும், மேலே நாங்கள் ஃப்ராய்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். கல்லூரியின் பெயரைச் சொன்னால் அமெரிக்கர்களுக்கே தெரியாது. நம் ஊர்க்காரர்கள், "ஸ்டான்ஃபோர்ட் பக்கமா?" என்று ஆறுதலாகக் கேட்பார்கள். பக்கம்தான், காரில் முக்கால் மணி நேரம்.

இப்போது அண்ணன் மகளுக்கு அப்படிப்பட்ட ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து அனுமதிக் கடிதம் வந்திருக்கிறது. கோவையில் எம்.எஸ்சி. முடித்தவள். "அத்தை, சேரட்டுமா?" என்று கேட்டுப் பத்து நாளாகிறது. அவளுக்கு எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டதால் இங்கேயே போடுகிறேன்.

இந்த மாதிரிக் கல்லூரிகள் ஏன் வந்தன என்பது முதலில் தெரிய வேண்டும். 1949இல் கொலராடோவின் போல்டர் நகரத்தில் கூடிய மாநாடு, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் ஆய்வாளராகவும் சிகிச்சை தருபவராகவும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. நல்ல முடிவுதான். ஆனால் பல்கலைக்கழக பிஎச்.டி. துறைகளில் ஆய்வு முன்னால் உட்கார்ந்துகொண்டது, நோயாளி பின்னால் போய்விட்டார். 1968இல் இல்லினாய் பல்கலைக்கழகம் சை.டி. என்ற தொழில்சார்ந்த டாக்டர் பட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே நிக்கோலஸ் கம்மிங்ஸ் முன்னின்று, எந்தப் பல்கலைக்கழகத்தையும் சாராமல், கலிபோர்னியா ஸ்கூல் ஆஃப் புரொஃபஷனல் சைக்காலஜியை உருவாக்கினார். 1973இல் வேல் மாநாடு (முருகன் வேல் இல்லை, அதுவும் கொலராடோ ஊர்தான்) இந்த வழிக்குத் தலையசைத்தது. அப்புறம் நாடெங்கும் தனிக் கல்லூரிகள் முளைத்தன. பிஎச்.டி.க்காரர்கள் எங்களை இன்றைக்கும் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

பார்க்கட்டும். எனக்கு அங்கே கிடைத்த சூப்பர்விஷன் பெரிய இடத்தில் படித்த என் தோழிகளில் பலருக்குக் கிடைக்கவில்லை. முதல் ஆண்டிலேயே, கட்டணம் குறைவான ஒரு சமூகக் கிளினிக்கில் உட்கார வைத்துவிட்டார்கள். வருபவரின் சம்மதத்தோடு ஒவ்வொரு அமர்வும் வீடியோவில் பதிவாகும். வாரம் ஒரு மணி நேரம் சூப்பர்வைசர் அதை என்னோடு உட்கார்ந்து பார்ப்பார். பகலெல்லாம் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிற மனுஷி. ஒரு நாள் வீடியோவை நிறுத்தி, "இந்த இடத்தில் தலையை ஆட்டுகிறாயே, ஆமாம் என்றா, இல்லை என்றா?" என்றார். வந்தவர் தன் வீட்டில் நடந்த ஒரு பழைய விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் நம் ஊர் வழக்கப்படி, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காகத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறேன். நான் நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். பேச்சு அந்த இடத்தில் அறுந்தது வீடியோவில் அப்படியே தெரிகிறது. மூன்று வாரமாக அவர் ஏன் வாயே திறக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. எந்தப் புத்தகத்தில் இது இருக்கும்?

சோதனைகள் பழகியதும் அப்படித்தான். வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையின் சிவப்பு வெள்ளைக் கட்டைகளை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரையும் அக்கம்பக்கத்தாரையும் பாடாய்ப் படுத்தினேன். பயிற்சிக்காகச் செய்வதில் மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது. வீட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆய்வு பக்கம் எங்கள் கல்லூரி சொத்தைதான். ஒரு ஆய்வுக்கட்டுரையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்க்கப் பட்டம் வாங்கிய பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் என் பெரிய வருத்தம் பணம். பல்கலைக்கழக பிஎச்.டி.யில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, மாதப் பணமும் தருவார்கள், அதனால் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் சேர்ப்பார்கள். தனிக் கல்லூரிக்கு மாணவர் கட்டுகிற பணம்தான் சோறு. எங்கள் வகுப்பில் நாற்பது பேர். காலி நாற்காலி ஒவ்வொன்றும் நஷ்டம் என்றால், தகுதி இல்லாதவரைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனசு வரும்? சேர்த்த பிறகு, "இது உனக்கு வராது" என்று யார் சொல்வார்கள்? யாரும் கெட்டவர்கள் இல்லை, கணக்கு அப்படி. ஆர்கோசி பல்கலைக்கழகத்துக்குள் போன தொழில்முறை உளவியல் கல்லூரிகளை நினைத்துப் பாருங்கள். 2019 மார்ச்சில் அது இழுத்து மூடப்பட்டபோது, மாணவர்களுக்குச் சேர வேண்டிய கடன் பணம்கூடப் பலர் கைக்கு வரவில்லை.

படிப்பின் கடைசி ஆண்டு இன்டர்ன்ஷிப். அதற்கு நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு ஒதுக்கீடு உண்டு. 2012இல் நான் விண்ணப்பித்தபோது நான்கில் ஒருவருக்கு இடமில்லை. எனக்கு இரண்டாம் சுற்றில் அரிசோனாவில் கிடைத்தது. ஆறாம் வகுப்பு படித்த மகனை இங்கே விட்டுவிட்டுப் போனேன். இப்போது விண்ணப்பிப்பவர்களைவிட இடங்கள் அதிகம், அந்தப் பயம் உனக்கு வேண்டாம் கண்ணு. ஆனால் எனக்குக் கிடைத்த அரசுக் கடன் வெளிநாட்டு மாணவியான உனக்குக் கிடையாது. அப்பாவின் வீட்டுப் பத்திரம்தான் வங்கிக்குப் போகும்.

அதனால் சேரட்டுமா என்று என்னைக் கேட்காதே. அமெரிக்க உளவியல் சங்கத்தின், அதாவது ஏ.பி.ஏ.வின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்று முதலில் பார். அது இல்லாத சை.டி.யை வைத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் கால் வைக்க முடியாது. இருந்தால், அவர்களே தங்கள் இணையதளத்தில் ஒரு அட்டவணை போட்டாக வேண்டும், சங்கத்தின் கட்டாயம் அது. முடிக்க எத்தனை ஆண்டு, செலவு எவ்வளவு, எத்தனை பேருக்கு இன்டர்ன்ஷிப், எத்தனை பேர் பாதியில் போனார்கள், எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கினார்கள், எல்லாம் அதில் இருக்கும். கட்டடப் படங்களையும் சிரிக்கிற முகங்களையும் தாண்டிப் போய் அதைத் தேடு. இந்தியா திரும்புகிற எண்ணம் இருந்தால், இந்தப் பட்டத்துக்கு ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், பதிவு தருமா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கு.

எங்கள் ஆண்டின் வரிசையில், பாதியில் விலகியவர்கள் என்ற கட்டத்தில் 5 என்று போட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என் பக்கத்து நாற்காலிக்காரி, ரோர்ஷாக் மைக்கறைச் சோதனைக்கு மதிப்பெண் போட எனக்குச் சொல்லிக்கொடுத்தவள். மூன்றாம் ஆண்டில் பணம் கட்ட முடியாமல் நின்றாள். இப்போது காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வாங்காத பட்டத்துக்கு இன்னும் மாதாமாதம் கடன் கட்டிக்கொண்டிருக்கிறாள். உன் அட்டவணையில் அந்தக் கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.