ஆறு மாதத்தில் பழையபடி சாப்பிடலாமா?

எடை குறைக்கும் ஒப்பரேஷன் செய்தால் ஆறு மாதம்தான் பத்தியம், அப்புறம் பழையபடி வெட்டலாம் என்று மட்டக்களப்புப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. இதில் ஸ்லீவ் என்ற வகையில் இரைப்பையின் சுமார் 80 சதவீதத்தை வெட்டி எடுக்கிறார்கள்; அது திரும்ப வளராது. மிஞ்சிய பையும் தொடர்ந்து மூக்குமுட்டச் சாப்பிட்டால் விரியும், எடை ஏறும்.

ஒப்பரேஷன் செய்தவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் முதலில் மீன் துண்டு, பிறகுதான் இரண்டு வாய் புட்டு, அதுவும் நன்றாக மென்று. தண்ணீர் அரை மணி நேரம் கழித்து. எருமைத் தயிர் சரி, மேலே ஊற்றும் இனிப்புப் பாணிதான் வில்லங்கம்: முக்கியமாக இரைப்பை பைபாஸ் (சிறு இரைப்பைப் பையை நேரே சிறுகுடலோடு இணைக்கும் இன்னொரு வகை ஒப்பரேஷன்) செய்தவர்களுக்கு இனிப்பு சிறுகுடலுக்குள் வேகமாக இறங்கி வியர்வை, படபடப்பு, வயிற்றோட்டம் வரலாம். அகப்பையோடு நிற்கும் மாமிக்கு இது புரியாது! பி12, இரும்பு, கல்சியம் போன்ற சத்துக் குளிசைகளும் இரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்கத் தேவை.