'ரீல் டு பான்டு': கதையும் வரலாறும்

கனடாவின் கியூபெக் மாகாணத்து 'ரீல் டு பான்டு' (தூக்கிலிடப்பட்டவரின் ரீல்) என்னும் பிடில் மெட்டை, சுருதி கலைந்த பிடிலைக் கொடுத்து 'வாசித்தால் விடுதலை' என்று சொல்லப்பட்ட ஒரு தூக்குத் தண்டனைக் கைதி அந்த இடத்திலேயே உருவாக்கி உயிர் தப்பினார் என்பது பதிவான வரலாறு எனச் சிலர் எழுதுவதுண்டு. அது மெட்டோடு சேர்ந்து வழங்கும் வாய்மொழிக் கதை. சுவையான கதைதான், ஆனால் வரலாறு அல்ல.

பிடிலின் வழக்கமான ஜி, டி, ஏ, ஈ சுருதிக்கு மாறாக, இம்மெட்டுக்குத் தடித்த ஜி, டி தந்திகள் இரண்டும் ஒவ்வொரு முழுச்சுரம் ஏற்றப்பட்டு, மெல்லிய ஈ தந்தி சி ஷார்ப்புக்கு இறக்கப்படுகிறது. கிடைப்பது ஏ, ஈ, ஏ, சி ஷார்ப். அதாவது ச, ப, ச, அந்தர காந்தாரம். விரல் வைக்காமலே நான்கு தந்திகளும் ஏ மேஜர் சுரக்கூட்டாக ஒலிக்கும் இந்த ஏற்பாடு, தற்செயலாகக் கலைந்த பிடிலில் அமையக்கூடியது அல்ல. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி வாசிப்பாளர்களிடமும் இதே சுருதி உண்டு. பழக்கமில்லாத காதுக்கு அது கோணலாகத் தோன்றியதிலிருந்தே கதை பிறந்திருக்கும் என்பது என் ஊகம்.

தூக்குமேடைப் பிடில்காரர் கதையும் கியூபெக்குக்கு மட்டும் உரியதல்ல. ஸ்காட்லாந்தின் பான்ஃப் நகரில் 1700-இல் தூக்கிலிடப்பட்ட ஜேம்ஸ் மக்ஃபர்சனைப் பற்றியும் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் கலஹன் மெட்டைப் பற்றியும் ஏறத்தாழ இதையே சொல்கிறார்கள். 'ரீல் டு பான்டு' மெட்டை இயற்றியவராகச் சிலர் குறிப்பிடும் கியூபெக் பிடில் கலைஞர் ழான் கரிஞ்ஞான் (1916–1988) அதை வாசித்துப் புகழ்பெறச் செய்தவரே தவிர, இயற்றியவர் அல்லர்.