பில் போடும்போது ஊழியர், ஸ்டூல் கேட்டால் மாணவி

சான்றிதழ் வந்துவிட்டது. வழவழப்பான தாள், பொன்னிற ஓரம், கீழே இரண்டு கையெழுத்து. ‘நுகர்வோர் நடத்தை மற்றும் சந்தைப் பகுப்பாய்வு’ என்ற துறையில் நான் பயிற்சி பெற்றிருக்கிறேனாம். நான் அங்கே பகுத்தது அழுகின வெங்காயத்தையும் நல்ல வெங்காயத்தையும்தான். வயிறு எரிகிறது, எழுதித் தொலைக்கிறேன்.

நான் பி.பி.ஏ. மாணவி. ஊர் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமம். நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கிற பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனி ஒன்றின் தஞ்சாவூர்க் கடையில் கோடை விடுமுறைக்கு இன்டர்ன்ஷிப். கல்லூரியே ஏற்பாடு செய்தது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே பெருமை. அவ்வளவு பெரிய கம்பெனியில் ஆர்டர் எப்படிப் போடுகிறார்கள், விலை எப்படி வைக்கிறார்கள், எந்தச் சரக்கு எந்தத் தட்டில் என்று யார் முடிவு செய்கிறார்கள், இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று புது நோட்டு வேறு வாங்கிக்கொண்டு போனேன்.

முதல் நாள் ஒரு வீடியோ போட்டார்கள். கம்பெனியின் கனவு, குறிக்கோள், பெரிய அதிகாரிகள் சிரிக்கும் படங்கள். முடிந்ததும் கையில் ஒரு டீ-ஷர்ட்டைத் திணித்து, “இன்னைக்கு லோடு வருது, கோடவுனுக்குப் போங்க” என்றார்கள். பயிற்சி அத்தோடு முடிந்தது.

கணக்கு அப்புறம்தான் புரிந்தது. மே கடைசி, ஜூன் தொடக்கம் என்றால் பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். பை, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஷூ, சாக்ஸ் என்று கடை பிதுங்கும். அந்த ஒரு சீசனுக்கு ஆள் எடுத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று பேச்சு வரும். கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் கடைசியில் ஒரு தாள் கொடுத்தால் போதும். எங்கள் ஊரில் நடவுக்குக் கூப்பிட்டால்கூடக் கூலி பேசாமல் யாரும் வயலில் இறங்க மாட்டார்கள்.

மூட்டை தூக்கச் சொன்னதற்காக நான் கோபப்படவில்லை. விவசாய வீட்டுப் பெண், அதெல்லாம் பழக்கம்தான். எனக்கு ஆத்திரம் அவர்கள் ஆடிய இரட்டை வேடத்தில். கவுண்டரில் ஆள் இல்லையா, நான் ஊழியர். வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறாரா, நான் ஊழியர். ராத்திரி கல்லாக் கணக்கில் பணம் குறைகிறதா, அப்போது நூற்றுக்கு நூறு ஊழியர். உட்கார ஸ்டூல் கேட்டால், பஸ் காசு கேட்டால் மட்டும், “நீங்க ஸ்டூடண்ட்தானேம்மா, கத்துக்க வந்திருக்கீங்க” என்பார் ஹெச்.ஆர். சார். எவ்வளவு கனிவாகச் சொல்வார் தெரியுமா!

ஸ்டூல் என்பது சலுகை இல்லை. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்று சேர்த்தார்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை என்று நாள் முழுக்க நின்றே கால் வீங்கிப்போன பெண்கள் எத்தனை பேர்! எங்கள் கடையிலும் ஸ்டூல் இருக்கத்தான் செய்தது. அதன் மேல் கேரி பேக் கட்டு உட்கார்ந்திருந்தது. கட்டை இறக்கி வைத்துவிட்டு நான் உட்கார்ந்தால், ஃப்ளோர் மேனேஜர் கேமராவில் பார்த்துவிட்டு ஓடி வருவார். “கஸ்டமர் பார்த்தா என்ன நினைப்பாங்க?” எந்தக் கஸ்டமர் சார்? “ஏம்மா நின்னுக்கிட்டே கெடக்கே, சித்த உக்காரேன்” என்று சொல்கிற சனம் எங்கள் சனம்.

ராத்திரி விஷயம் இன்னும் மோசம். கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்க அரசு அனுமதி கொடுத்தபோது, பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்குவதென்றால் அவர்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. என்னிடம் யாரும் எதையும் எழுதி வாங்கவில்லை. நான்தான் ஊழியரே இல்லையே! க்ளோசிங் முடித்து வெளியே வரும்போது எங்கள் ஊர் டவுன் பஸ் போயிருக்கும். பகலில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இந்த இன்டர்ன்ஷிப்பில் எனக்குக் கிடைத்த ஒரே உதவித்தொகை அதுதான், அதுவும் அரசாங்கம் கொடுத்தது. ராத்திரியில் காசு கொடுத்து வேறு பஸ் பிடித்து இறங்கினால் அப்பா எக்ஸெல் வண்டியோடு நின்றுகொண்டிருப்பார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் கீழ் ஆள் எடுத்தால் மாத உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். ‘இன்டர்ன்’ என்று எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. 2024இல் மாதம் 5,000 ரூபாய் என்று பிரதமர் பெயரில் ஓர் இன்டர்ன்ஷிப் திட்டம் வந்தது, அதற்கும் முழுநேரம் படிக்கிறவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்று வைத்தார்கள். ஆக எங்களுக்கு எந்தப் பக்கத்திலும் கதவு இல்லை.

அங்கே கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். கொட்டிக் கிடந்தது, அதனால்தான் ஆற்றாமை. தலைமை அலுவலகத்திலிருந்து பிளானோகிராம் என்று ஒரு படம் வரும். எந்தத் தட்டில் எந்தச் சரக்கு, எத்தனை பாக்கெட்டின் முகம் தெரிய வேண்டும் என்பது வரைக்கும் அதில் இருக்கும். கண் மட்டத்தில் இருக்கிற தட்டுக்குத்தான் மதிப்பு. வரிசையின் முனையில் குவித்து வைப்பதற்குப் பிராண்டுகள் கடைக்குப் பணமே கட்டுவது உண்டு. இதையெல்லாம் எனக்குச் சொன்னது மேனேஜர் இல்லை, பிஸ்கட் வரிசையைப் பார்த்துக்கொள்கிற அக்கா. தேதி முடியப்போகிற சரக்கை முன்னால் இழுத்து, புதுசைப் பின்னால் தள்ளி வை என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். (ஃப்ரிட்ஜின் உள்ளே முழங்கை வரைக்கும் விட்டுப் பின்னாலிருக்கும் தயிரை எடுக்கும் மாமிகளுக்கு இந்த ரகசியம் எப்போதோ தெரியும்.) பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்த பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அந்த எண் இந்தியாவில் பதிவானது என்று மட்டும்தான் அர்த்தம் என்று பில்லிங் அண்ணன் திருத்தினார். என் நோட்டில் இருக்கிற குறிப்பெல்லாம் இவர்கள் இருவரும் டீ குடிக்கிற நேரத்தில் சொன்னவைதான். என்னை ‘மென்டர்’ செய்ய நியமிக்கப்பட்டவர் என் பெயரைக் கடைசி வரை தப்பாகத்தான் கூப்பிட்டார்.

அரிசி விஷயத்துக்கு வருகிறேன், அங்கேதான் எனக்குக் கோபம் உச்சத்துக்குப் போனது. 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்கும் உள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் கடையில் 5, 10, 25 மட்டும்தான். “பாப்பா, 26 கிலோ சிப்பம் எங்க இருக்கு?” என்று கேட்டவர்கள் இல்லை என்றதும் திரும்பிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். போதாக்குறைக்குச் சொந்த நெல்லை அரைத்துச் சாப்பிடுகிற வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. அவர்களுக்குக் கடையில் வேண்டியது பருப்பு, எண்ணெய், சோப்பு. ஆனால் வாசலில் நுழைந்ததும் மலை மாதிரி நிற்பது ஐந்து கிலோ பாசுமதி.

அப்புறம் காசு வருகிற காலம். இங்கே பலருக்கு மாதச் சம்பளம் ஒன்றாம் தேதி வருவதில்லை. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏறினால்தான் குடும்பமாகக் கடைக்கு வருவார்கள். வழக்கமாக மேட்டூர் அணை திறப்பது ஜூன் 12. அந்தச் சமயத்தில் உழவு, விதை, நாற்றங்கால் என்று இருக்கிற காசு குறுவைக்குப் போய்விடும். பிள்ளைக்குப் பை வாங்குவதே பெரிய காரியம். இது தெரியாமல் ஜூன் மாதம் முழுக்கக் காலைக் கூட்டத்தில் “டார்கெட் ஏன் அடிக்கல?” என்று ஊழியர்களை வறுத்தெடுத்தார்கள். இத்தனையையும் ரிப்போர்ட்டில் எழுதினேன். யாரும் சொல்லித்தராமல் நானாகச் செய்த ஒரே சந்தைப் பகுப்பாய்வு. மேனேஜர் சார் புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்த வில்லேஜ் கதையெல்லாம் வேணாம்மா, டெம்ப்ளேட் அனுப்பறேன், தேதிய மாத்திக் கொடுங்க” என்றார். வந்த டெம்ப்ளேட் வேறு ஊர்க் கடைக்காக யாரோ எழுதியது. இரண்டு இடத்தில் கோயம்புத்தூர் என்றே இருந்தது! விற்பனைக் கணக்கையாவது காட்டுங்கள் சார் என்று கேட்டேன். “கான்ஃபிடென்ஷியல்.” மூட்டை ரகசியம் இல்லை, கல்லா ரகசியம் இல்லை, கணக்கு மட்டும் ரகசியம்.

போன் நம்பர் வாங்குகிற கொடுமையையும் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் அட்டைக்கு ஆள் சேர்க்க இன்டர்ன்களுக்கும் இலக்கு வைத்தார்கள். நம்பர் கொடுக்கச் சொல்லி வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே கடைகளுக்குச் சொல்லிவிட்டது. எங்களுக்கோ “நம்பர் இல்லாம பில் போடாதீங்க” என்று உத்தரவு. ஒரத்தநாட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், கையில் இரண்டு சோப்பு, பட்டன் போன். ஓ.டி.பி. சொல்லுங்க ஐயா என்றேன். “ஏம்மா, அக்கவுண்ட்ல இருக்கறது போயிடுச்சுன்னா நீயா தருவ?” என்று சத்தம் போட்டுவிட்டுச் சோப்பை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்டது நியாயம்தானே? அன்று இரவு இலக்கு குறைந்ததற்காகத் திட்டு வாங்கியது நான்.

கல்லூரியிடம் சொல்லலாமே என்பீர்கள். சொன்னேன். ஒருங்கிணைப்பாளர் மேடம் வாட்ஸ்அப்பில், “அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, கிரெடிட் முக்கியம்” என்று பதில் போட்டு, கூடவே கைகூப்பும் படம் ஒன்று. கம்பெனியோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் போட்டோ அலுவலக வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் குழு வந்தால் காட்ட வேண்டுமே! அந்த ஒப்பந்தத்தில் மாணவருக்கு என்ன கிடைக்கும், எத்தனை மணி நேரம், யார் சொல்லித்தருவார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். அதைப் பார்க்க முதல்வர் அனுமதி வேண்டுமாம். எங்களைப் பற்றிய ஒப்பந்தம், எங்களுக்குக் காட்டக் கூடாதது. கம்பெனியைவிட எனக்கு இந்த இடத்தில்தான் அதிகம் வலித்தது. அவர்கள் வியாபாரிகள், லாபம் பார்ப்பார்கள். நீங்கள் எங்களிடம் ஃபீஸ் வாங்குகிறவர்கள்.

போன வாரம் ஹெச்.ஆர். சார் போன் செய்தார். ஆடித் தள்ளுபடிக்கு ஆள் குறைவாம், கொஞ்ச நாள் வந்து போக முடியுமா, “இன்னொரு லெட்டர்கூடத் தர்றோம்மா” என்றார். சம்பளம் எவ்வளவு சார் என்று கேட்டேன். மேலே கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போல.