ரஃப் நோட்டுக்கும் ஃபேர் நோட்டுக்கும் நடுவே

‘எங்கள் ஊர்’ என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். நாற்பது கட்டுரை நோட்டிலும் ஒரே முன்னுரைதான் இருக்கும்: “செட்டிநாடு பண்பாட்டிற்கும் விருந்தோம்பலுக்கும் பெயர் பெற்றது.” நோட்ஸிலிருந்தோ கரும்பலகையிலிருந்தோ இறங்கிய வரி அது. கையெழுத்து மட்டும்தான் பிள்ளைகளுடையது. ரஃப் நோட்டில் ஒரு முறை, ஃபேர் நோட்டில் ஒரு முறை எழுதுகிறார்கள். நடுவில் எதுவுமே நடப்பதில்லை. எழுதக் கற்றுக்கொள்வதோ அந்த நடுவில்தான்.

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். ‘எங்கள் ஊர்’ பெரியவர்களுக்கே எழுத வராத தலைப்பு. ‘எங்க வீட்டுத் திண்ணை’, ‘ஆத்தங்குடி கல் எப்படிச் செய்கிறார்கள்’, ‘கந்தரப்பம் ஏன் சில நேரம் எண்ணெயில் பிரிந்துபோகிறது’ என்று கொடுங்கள். (ஆத்தங்குடி கல் என்றால் செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் பதிக்கிற பூப்போட்ட சிமெண்ட் கல்; கந்தரப்பம் எண்ணெயில் சுடுகிற இனிப்புப் பலகாரம்.) போய்ப் பார்க்கவும், யாரிடமாவது கேட்கவும் முடிகிற பொருளாக இருக்க வேண்டும். வீட்டில் அப்பத்தாவோ ஆயாவோ இருந்தால் மூன்று கேள்வி கேட்டு வரச் சொல்லலாம். வகுப்புக்கு வரும்போது நோட்டில் இருபது குறிப்பு இருக்கட்டும். குறிப்பு என்றால் சொற்கள் மட்டும். இந்தக் கட்டத்தில் முழு வாக்கியம் எழுத விட்டால் பிள்ளை அதையே கட்டுரை என்று நினைத்து நின்றுவிடும்.

அடுத்தது பேச்சு. பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் வாயால் சொல்ல வேண்டும். கேட்டவர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பாடவேளை போய்விடுகிறது என்று பலர் தாண்டிவிடுகிற படி இது. தமிழில் எழுதுகிற பிள்ளைக்கு இதைவிட முக்கியமான படி இல்லை என்பேன். நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது வேறு தமிழ். யோசிப்பதையும் எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால் பிள்ளை யோசிப்பதை விட்டுவிடும். ‘மிகவும் அழகானது’, ‘உலகப் புகழ் பெற்றது’ என்று மனப்பாடமாகக் கிடக்கும் தொடர்களைப் பிடித்துக்கொள்ளும். அதனால் முதல் வரைவு பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். ‘போட்டாக’, ‘வச்சாக’ என்று வீட்டில் பேசுகிறபடியே வந்தாலும் தடுக்காதீர்கள். எழுத்துத் தமிழுக்கு மாற்றப் பின்னால் நேரம் இருக்கிறது.

முதல் வரைவுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஒரு வரி விட்டு ஒரு வரி, தாளின் ஒரு பக்கம் மட்டும். ரப்பர் பைக்குள் இருக்கட்டும். தப்பாகப் பட்டால் ஒரு கோடு போட்டு அடித்தால் போதும். விட்ட வரிகள் பின்னால் இடைச்செருகலுக்கு வேண்டும். மறுபக்கம் ஏன் காலி என்பதைக் கீழே சொல்கிறேன்.

அந்த வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“ஆத்தங்குடி கல் ரொம்ப அழகா இருக்கும். கண்ணாடி மேல கலர் ஊத்துவாங்க. அப்புறம் சிமெண்ட் போடுவாங்க. காய வச்சு எடுத்துருவாங்க.”

ஆசிரியரின் கை உடனே சிவப்புப் பேனாவைத் தேடும். அதைத் தொடக்கூடாத நேரம் இது. இப்போது எழுத்துப்பிழையைச் சுழித்தால் பிள்ளை அந்த நாலு சொல்லைத் திருத்தி, அதே வெறும் நாலு வரியைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுக்கும். இங்கே தேவை கேள்வி. கண்ணாடி எதுக்கு? நாலு கலர் ஊத்துனா ஒண்ணோட ஒண்ணு கலந்துராதா? ஈரச் சிமெண்டை மேல போட்டா பூ அழிஞ்சுராதா?

பட்டறையைப் பார்த்த பிள்ளைக்கு மூன்றுக்கும் பதில் தெரியும். யாரும் கேட்காததால்தான் எழுதவில்லை. பதில்கள் விட்ட வரிகளுக்குள் நுழைந்ததும் அதே பத்தி இப்படி ஆகும்:

“கண்ணாடி மேல இரும்புச் சட்டம் வச்சு, அதுக்குள்ள பூ அச்சை வைக்கிறாங்க. அச்சுல ஒவ்வொரு கட்டத்துலயும் ஒவ்வொரு கலர் ஊத்துறதால கலக்காது. அச்சைத் தூக்கிட்டு, ஈரத்தை இழுக்குறதுக்காகக் காஞ்ச சிமெண்டும் மணலும் தூவுறாங்க. அதுக்கு மேலதான் ஈரக் கலவை. கண்ணாடியில படிஞ்ச பக்கம்தான் கல்லோட முகம். அந்த மினுமினுப்பு கண்ணாடி குடுத்தது.”

கடைசி வரியைப் பாருங்கள். எந்த நோட்ஸிலிருந்தும் எடுத்ததல்ல; கேள்வி கேட்டதால் பிறந்தது.

வரைவுக்கும் திருத்தத்துக்கும் நடுவில் ஒரு இரவாவது போகட்டும். எழுதிய சூட்டில் படித்தால் மனதில் உள்ளதுதான் கண்ணுக்குத் தெரியும், தாளில் உள்ளது தெரியாது. மறுநாள் நோட்டை மாற்றிக்கொண்டு வாய்விட்டுப் படிக்கட்டும். புரியாத இடத்தில் கேள்விக்குறி, இன்னும் சொல்ல வேண்டிய இடத்தில் கூட்டல் குறி, தேவையில்லாத இடத்தில் பெருக்கல் குறி. இந்த மூன்றே போதும். ‘நல்லா இருக்கு’, ‘நல்லா இல்ல’ இரண்டுக்கும் தடை போடுங்கள். நண்பனிடம் குறை சொல்லத் தயங்குகிற பிள்ளைகூடக் கேள்வி கேட்கத் தயங்காது.

வரிசை தவறியிருந்தால் கத்தரிக்கோலை எடுங்கள். வரைவைப் பத்தி பத்தியாக வெட்டி, பெஞ்சில் பரப்பி, இடம் மாற்றி ஒட்டலாம். மறுபக்கத்தைக் காலியாக விடச் சொன்னது இதற்காகத்தான். ‘திருத்தி எழுது’ என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் அழகான கையெழுத்தில் மறுபடி எழுதித் தருவார்கள். வெட்டிய தாளை அப்படி எழுத முடியாது.

இவ்வளவுக்கும் பிறகுதான் எழுத்துத் தமிழ். ‘ஊத்துறாங்க’ ‘ஊற்றுகிறார்கள்’ ஆவதும், ‘அச்சுல’ ‘அச்சில்’ ஆவதும் இங்கே. எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. ‘மினுமினுப்பு’ அப்படியே இருக்கட்டும். அதைப் ‘பளபளக்கும் தன்மை’ ஆக்கினால் வரி செத்துவிடும். ஒற்றும் ல, ள, ழ குழப்பமும் கடைசி. அதிலும் ஒரு பிள்ளைக்கு ஒரு முறைக்கு இரண்டு வகைப் பிழைதான். ஒருவனுக்கு ர, ற. இன்னொருத்திக்கு வல்லினம் மிகும் இடம். கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கிப் படிக்கச் சொன்னால், கதையில் இழுபடாமல் கண் எழுத்தில் நிற்கும்.

நாற்பது பேருக்கு இதெல்லாம் எப்படி என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். நாற்பதையும் ஒரே ராத்திரியில் திருத்தினால் யாருக்கும் உருப்படியாக ஒன்றும் போய்ச் சேராது. ஒரு பாடவேளையில் எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம், அவர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒரு கேள்வி. மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கட்டும். ஐந்து நாளில் வகுப்பு முடிந்துவிடும். மாதம் ஒரு கட்டுரை இப்படி நடந்தால், வாரம் ஒன்று பார்த்து எழுதுவதைவிட எவ்வளவோ மேல். முதல் வரைவுக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் அடுத்த முறை நோட்ஸ்தான் வரும்.

பரீட்சையில் ஏது இவ்வளவு நேரம் என்பார்கள். இருபது நிமிடம் இருந்தால் நாலு நிமிடம் குறிப்பு, பதின்மூன்று நிமிடம் எழுத்து, மூன்று நிமிடம் படித்துப் பார்ப்பது. வருடம் முழுக்கப் பழகிய கைக்கு அது போதும்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். திங்கள் குறிப்பு, செவ்வாய் வரைவு, புதன் திருத்தம் என்று அட்டவணை போட்டு, அதையே சடங்காக்கிவிடுவது. 1971-இல் அமெரிக்காவில் ஜேனட் எமிக் என்ற ஆய்வாளர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வைத்துக் கவனித்தார். எழுத்து நேர்கோட்டில் போகவில்லை; முன்னும் பின்னும் போய் வந்தது. 1981-இல் லிண்டா ஃபிளவர், ஜான் ஹேயஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் சொன்னதும் இதையொட்டித்தான்: திட்டமிடுவது, எழுதுவது, திரும்பப் பார்ப்பது மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று நடக்கின்றன. திருத்தும்போது குறிப்பு போதவில்லை என்று தெரிந்தால், பிள்ளையை மறுபடி பட்டறைக்கு அனுப்ப வேண்டும். ‘அந்தப் படி முடிந்துவிட்டது’ என்று சொல்லக்கூடாது.

ஃபேர் நோட்டும் ஆசிரியர் கையெழுத்தோடு அலமாரிக்குள் போய்விடக் கூடாது. கல் பற்றி எழுதியதைக் கல் போடுகிறவரிடம் வாசித்துக் காட்டட்டும். “தண்ணித் தொட்டியில ஊறப் போடுறத விட்டுட்டியே தம்பி, அது இல்லாட்டிக் கல்லு எப்புடி இறுகும்?” என்று அவர் கேட்டால், ஃபேர் நோட்டிலேயே அந்த இடத்தில் ஒரு கூட்டல் குறி போட வேண்டியதுதான்.